பாதிப்பு யாருக்கு

மார்ச் 4

பென்சிலுக்கு,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்திருப்பாய். நீ எதையும் கவனிப்பவள் என்று பத்திரிகையிலேயே போட்டிருக்கிறார்களே.

நேற்று எங்கள் எக்ஸ்ரே அறைக்கு வெளியே யாரோ பெஞ்சில் விட்டுப்போன பத்திரிகையைப் புரட்டினால் உன் படம். காதில் அதே பென்சில். அதை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. முகம் இந்த நாலு வருஷத்தில் நன்றாகவே வசதியாகிவிட்டது. பாத்திரக் கம்பெனியில் பெரிய வடிவமைப்பாளராம். நீளப் பிடி போட்டு, விளிம்பில் இரண்டு பக்கமும் மூக்கு வைத்த பால் பாத்திரம் செய்திருக்கிறாயாம், எந்தக் கையில் பிடித்தாலும் சிந்தாமல் ஊற்றுமாம். 'உங்களைப் பாதித்தவர்கள் யார்?' என்று கேட்டதற்கு நீ சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன், மறந்திருப்பாய்: 'என் குடும்பத்துச் சமையலறைதான் என் முதல் பள்ளிக்கூடம். அங்கே கண்ட அன்புதான் இந்தப் பாத்திரம்.'

படித்துவிட்டு உள்ளே போனேன். அடுத்தவரைப் படுக்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றேன். அவர் பிடித்தார். விடச் சொல்ல மறந்துவிட்டேன். மனுஷன் முகம் நீலமாகித் தானாகவே விட்டார்.

அந்தச் சமையலறையில் அன்பு எந்த அலமாரியில் இருந்தது? ஆறு வருஷம் அங்கே நின்றவள் நான், என் கண்ணில் படவே இல்லை. என் இடது கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி வலது கையில் திணித்தது உன் அம்மா. வந்தவர் போனவர் முன்னால் 'எங்க வீட்டு லெஃப்ட்டு' என்று சொல்லிச் சிரித்தது உன் அண்ணன். மூக்கு எனக்கு எதிர்ப்பக்கம் இருந்ததால் காய்ச்சின பால் பாத்திரத்தின் உடம்போடு வழிந்து, டம்ளர் பிடித்த கை வெந்தது எனக்கு. வெந்தது வலது கை, அதையாவது உன் அம்மா பாராட்டியிருக்கலாம். 'கை நேரா இருந்தா பாலும் நேரா விழும்' என்றார். அன்று மத்தியானமே டூல் பாக்ஸைத் திறந்து, குறடை எடுத்து, அந்தப் புதுப் பாத்திரத்தின் விளிம்பை என் பக்கமாக வளைத்தது நான். அன்பு இல்லை அது. கோபம்.

பாதிப்பு உனக்காம். பாதிக்கப்பட்டவள் நான்.

குடும்பம் என்று சொன்னாயே, அந்த வார்த்தையை எடு. எடுத்துவிட்டு எனக்கு எழுது. போன் பண்ணாதே. போனில் 'ம்ம், ம்ம்' என்று சொல்லியே தப்பித்துவிடுவாய். காகிதத்தில் ம்ம் கொட்ட முடியாது.

உன் அண்ணனின் முன்னாள் மனைவி


மார்ச் 11

அண்ணிக்கு,

முன்னாள் மனைவிக்கு என்று உறையில் எழுதினால் தபால்காரர் சிரிப்பார். உங்கள் கல்யாணத்தைத்தான் ரத்து செய்தார்கள், முறையை இல்லை. எனக்கு நீங்கள் அண்ணி. பிடிக்காவிட்டால் வேறு என்னவென்று கூப்பிடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

'அன்பு' நான் சொன்னது இல்லை, பத்திரிகைக்காரர்கள் தூவினது. 'குடும்பம்' நான் சொன்னதுதான். மறைக்கவில்லை. 'என் அண்ணனிடமிருந்து விலகிப்போன அண்ணி' என்று முழ நீளத்துக்குச் சொன்னால் அதற்குப் பிறகு பாத்திரத்தைப் பற்றி யாராவது கேட்பார்களா?

ஆனால் பாதிப்பு எனக்கு இல்லை என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்? நீங்கள் வளைத்த பாத்திரத்தை அம்மா சமையலறையில் வைக்கவிடவில்லை, சிங்க்குக்கு அடியில் தரை துடைக்கிற துணியோடு தள்ளிவிட்டாள். நினைவிருக்கிறதா? அதை அங்கிருந்து எடுத்தது நான். அப்போது கல்லூரியில் எங்களுக்கு பிளாஸ்டர் கரைத்து அச்சில் ஊற்றும் வேலை. குமிழி விழாமல் இருக்க வலது கையால் அச்சைத் தட்டிக்கொண்டே இடது கையால் ஊற்ற வேண்டும். வகுப்பே மேஜையில் கொட்டிக்கொண்டிருக்கும். உங்கள் பாத்திரத்தில் கரைத்து ஊற்றின எனக்கு ஒரு சொட்டு சிந்தாது. உன் கை சுத்தம் என்றார் வாத்தியார். அது கைச் சுத்தம் இல்லை, உங்கள் மூக்கு.

வகுப்பில் இருட்டறையில் உலகத்து மேதைகளின் நாற்காலிகளையெல்லாம் படம் காட்டினார்கள். விளக்குப் போட்டதும் எல்லாம் மறந்துபோகும். நான் எதை வரைந்தாலும், குடையோ, கூஜாவோ, வாஷ்பேசினோ, விளிம்பில் ஒரு வளைவு தானாக வந்து உட்காரும். 'இதென்ன, எல்லாத்துக்கும் உதடு வைக்கிறே' என்று சினேகிதிகள் கேலி செய்வார்கள். யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இது பாதிப்பு இல்லையென்றால் வேறு எதை அப்படிச் சொல்வது?

மே மாதம் கம்பெனி கண்காட்சி வைக்கிறது. அந்தப் பாத்திரம் உங்களிடம்தான் இருக்கிறது, வீட்டைவிட்டுப் போன அன்று துணிப்பெட்டியோடு அதையும் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறேன், உங்களைப் பற்றி எழுதுகிறேன். தருவீர்களா?

பென்சில்


மார்ச் 17

பென்சிலுக்கு,

அது நீதானா. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய் ஒட்டியிருந்ததைக் காய்ந்த பாலாடை என்று நினைத்து நாள்கணக்கில் சுரண்டினேன். உன் அம்மா சுண்ணாம்பு போட்டு வைத்திருக்கிறார் என்றுகூட சந்தேகப்பட்டேன். பாவம், அந்த ஒன்றில் மட்டும் அவர் நிரபராதி.

பாத்திரம் வராது. தினமும் காலையில் அதில்தான் பால் காய்ச்சுகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நாலு பேர் தலையைச் சாய்த்துப் பார்ப்பதற்காகவா நான் அதை அந்த வீட்டிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தேன்?

நீ எல்லாவற்றையும் பார்த்தாய் என்கிறாய். ஒத்துக்கொள்கிறேன். கரண்டியைப் பிடுங்கினதையும் பார்த்தாய், கை வெந்ததையும் பார்த்தாய். அப்புறம் உங்கள் முன் அறையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து, இவளுக்கு இங்கே என்ன குறை என்று கேட்டார்கள். நான் உன் பக்கம் திரும்பி, 'நீ பாத்தியே, சொல்லு' என்றேன். நீ என்ன சொன்னாய்? 'என்னை நடுவுல இழுக்காதீங்க அண்ணி.'

பத்திரிகையில் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. உன் பாத்திரம் அப்படியே உன்னை மாதிரி. இரண்டு பக்கமும் ஊற்றுகிறது.

உன் அண்ணனின் முன்னாள் மனைவி


மார்ச் 29

அண்ணிக்கு,

பத்து நாளாக அந்தக் கடைசி வரியை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். பூட்டின டிராயருக்குள்ளிருந்தும் குத்துகிறது. எழுதும்போது நன்றாக இருந்ததா உங்களுக்கு?

நடுவில்தான் நின்றேன். ஒரு பக்கம் பெற்றவள், ஒரு பக்கம் கூடப் பிறந்தவன், எதிரில் நீங்கள். எதைச் சொல்லியிருந்தாலும் மறுநாள் அதே வீட்டில் காலையில் எழுந்து பல் தேய்க்க வேண்டியவள் நான். நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதற்காக மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுவேன் என்று காத்திருந்தால் காத்திருங்கள். பாத்திரத்தை மட்டும் இழுக்காதீர்கள். இடது கைக்காரர், வலது கைக்காரர் என்று பிரிக்காமல் ஒரு பொருளைச் செய்வது கோழைத்தனம் இல்லை. அதற்காகப் பாத்திர அச்சு செய்கிறவரிடம் வாரக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

நீங்கள் கேட்டபடி குடும்பத்தை எடுத்தேன். கண்காட்சிக்குக் கம்பெனி ஒரு சின்னப் புத்தகம் போடுகிறது. என்னைப் பாதித்தவை எவை என்று நான் அதில் ஒரு பக்கம் எழுத வேண்டும். குடும்பம் என்ற சொல் இல்லாமல், கோபம் என்ற சொல்லைப் போட்டு எழுதிக் கொடுத்தேன். விளம்பரப் பிரிவுத் தலைவர் படித்துவிட்டு வேறு எழுதிக்கொண்டு வந்தார். தலைப்பு என்ன தெரியுமா? 'அம்மாவின் கைப்பக்குவம்'. அம்மாவின் கை! எனக்கு மூளை சூடாகிவிட்டது. 'கோபத்தை யார் மேடம் வாங்குவாங்க? அன்புன்னா விக்கும்' என்றார். பென்சிலை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே தலைப்பைக் குறுக்கே அடித்தேன். இப்போது அவர் என்னோடு லிஃப்டில் ஏறுவதில்லை.

உங்களுக்கு ஒரு பாத்திரம் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். கடைக்கு வரப்போவது இதேதான். ஊற்றிப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். பார்க்காமல் திட்டுவது உங்களுக்கு அழகில்லை.

பென்சில்


ஏப்ரல் 8

பென்சிலுக்கு,

ஊற்றினேன். இடது கையால் ஊற்றினேன், வலது கையாலும் ஊற்றினேன். நன்றாகவே ஊற்றுகிறது. பிடி சுடவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த விளம்பரக்காரரின் தலைப்பை அடித்தாய் என்றதும் லேசாக மனம் இளகியது. பிறகு உன் பாத்திரத்தையும் என் பாத்திரத்தையும் அடுப்பு மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இளகினது மறுபடி இறுகிவிட்டது. காரணத்தைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

இதோடு ஒரு எக்ஸ்ரே படம் வைத்திருக்கிறேன். எங்கள் பழைய மெஷினைப் பழுதுபார்த்த பிறகு, சரியாக வேலை செய்கிறதா என்று எதையாவது வைத்துப் படம் எடுக்க வேண்டியிருந்தது. என் பாத்திரத்தை வைத்து எடுத்தேன். ஜன்னலில் பிடித்துப் பார். பிடி உன்னைப் பார்த்து இருக்கட்டும். இடது பக்கம் என்பதற்கு ஓரத்தில் ஈய எழுத்து வைத்திருக்கிறேன். என் வேலையில் அதுதான் முதல் பாடம். இடது வலது மாறினால் நல்ல காலை அறுத்துவிடுவார்கள்.

இடது ஓரத்தில் மூக்கு எங்கே?

இல்லை. நான் கூடுதலாக ஒரு மூக்கு வைக்கவில்லை, பெண்ணே. வலது பக்கம் எனக்கென்று ஒன்று வளைத்தேன். பிறகு சுத்தியலை எடுத்து, கடையில் வாங்கும்போதே இருந்த மூக்கை அடித்துத் தட்டையாக்கினேன். ஒரு நாளாவது உன் அண்ணன் கையிலும் பால் வழியட்டும் என்றுதான் அடித்தேன். நான் அடித்த சத்தம் கேட்டுத்தான் உன் அம்மா ஓடி வந்தார். பாத்திரத்தை சிங்க்குக்கு அடியில் தள்ளினதும் அதனால்தான். அவர்களுக்கு உதவாத ஒரு பொருள் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

நீயோ அதற்கு இரண்டு மூக்கு என்று நினைத்துக்கொண்டு, அதையே பத்து வருஷமாக வரைந்து வந்திருக்கிறாய். இடது கையால் பிளாஸ்டர் ஊற்றினாய், அதனால் என் மூக்கு மட்டும் தெரிந்தது. உன்னுடையது எப்படியும் இருக்கும் என்று நீயே முடிவு செய்துகொண்டாய். உனக்காகச் செய்யப்படாத ஒரு பொருள் இருக்க முடியும் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

இனி எவரிடமாவது உன்னைப் பாதித்தது யார் என்று சொல்வதானால், முதலில் அதைச் சரியாகப் பார்த்துவிட்டுச் சொல்.

உன் அண்ணனின் முன்னாள் மனைவி


ஏப்ரல் 24

அண்ணிக்கு,

ஜன்னலில் பிடித்தேன். திருப்பிப் பிடித்தேன். நம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தபடி ஆபீஸ் விளக்கு மேஜையிலும் வைத்துப் பார்த்தேன். ஒரு மூக்குதான். அந்தப் பக்கம் விளிம்பு நசுங்கியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது, எங்கேயோ விழுந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு நாள் ஒன்றும் வரையவில்லை. மூன்றாம் நாள் எனக்கும் கோபம் வந்தது, நல்லவேளை. அதனால் ஒன்று சொல்கிறேன், சண்டைக்கு வராமல் கேளுங்கள். நான் தப்பாகப் பார்த்தேன், சரி. அப்படித் தப்பாகப் பார்த்ததில் வந்த இரண்டாவது மூக்கு யாருடையது? உங்களுடையது இல்லை. அம்மாவுடையது இல்லை. அது என்னுடையது. நன்றாக இருந்தாலும் நானே பொறுப்பு, கோழைத்தனம் என்றாலும் நானே பொறுப்பு. இத்தனை நாள் அந்தப் பாத்திரம் முழுக்க உங்களிடமிருந்து வந்தது என்று பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி சொல்ல மாட்டேன். உங்கள் ஒற்றை மூக்கு உங்களுக்கு, என் இரட்டை மூக்கு எனக்கு.

ஆனால் உங்களுடையதை மறைத்துவைத்து என்னுடையதை மட்டும் காட்டுவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து அதே மாதிரி ஒரு பாத்திரம் செய்திருக்கிறேன், இடது கைக்கு மட்டும். கண்காட்சியில் அதை ஒரு மேஜையில் தண்ணீரோடு வைப்பேன், வருகிறவர்கள் எடுத்து ஊற்றிப் பார்க்கட்டும். பக்கத்தில் இரட்டை மூக்கு. சுவரில் உங்கள் எக்ஸ்ரே. மேனேஜர் கேட்டார்: 'விக்காத சரக்குக்கு எதுக்கும்மா மேஜை? வர்றவங்க சட்டையில தண்ணி கொட்டிக்கிட்டா நம்ம பேரு என்னாகும்?' கொட்டிக்கொள்வதற்காகத்தான் சார் என்றேன். முடியாது என்றார். அப்படியானால் திறப்புவிழா மேடையில் என்னைத் தேடாதீர்கள் என்றேன். மேஜை கிடைத்தது. சின்னப் புத்தகத்தில் என் பக்கத்தை எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் ஆவி பறக்கிற பாலின் படம். அடுத்த வேலைக்கான குழுவிலும் என்னைச் சேர்க்கவில்லை. பரவாயில்லை.

எக்ஸ்ரேக்குக் கீழே என்ன எழுதுவது? உங்கள் பெயர் போடலாமா? நீங்கள் சொல்வதைத்தான் போடுவேன், கமா உட்பட.

பென்சில்


மே 1

பென்சிலுக்கு,

பெயர் வேண்டாம். பெயர் போட்டால் எங்கள் டாக்டர், ஆஸ்பத்திரி மெஷினில் பாத்திரத்தைப் படம் எடுத்தது யார் என்று கேட்பார்.

இரண்டு துண்டுக் காகிதம் போதும். என் எக்ஸ்ரேக்குக் கீழே: 'பாதிக்கப்பட்டவள் செய்தது.' உன் பாத்திரத்துக்குக் கீழே: 'பார்த்தவள் செய்தது.'

கமா ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தில் உன்னுடையது என்னுடையது என்று பிரித்துச் சண்டை போட்டாயே, அதை இரண்டு தடவை படித்தேன். முன் அறையில் அன்று இந்த வாய் எங்கே போயிருந்தது?

அண்ணனின் முன்னாள்


மே 20

அண்ணிக்கு,

காகிதத் துண்டுகள் நீங்கள் சொன்னபடியே, கமா இல்லாமல். விளம்பரப் பிரிவுத் தலைவர் முதல் நாள் வந்து 'பாதிக்கப்பட்டவள்' என்பதைத் தொட்டுப் பார்த்தார், உரிந்துவருமா என்று. நான் நல்ல பசை போட்டிருந்தேன்.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வலது கையால் எடுத்தார்கள், கை நனைந்து, உதறி, பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்து, எங்கோ தப்பு நடந்திருப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் மணிக்கட்டோடு சட்டையை நனைத்துக்கொண்டார். ஒரு பெண் மட்டும் வந்தாள், ஏதோ அலுவலகத்திலிருந்து நேராக வந்திருப்பாள் போல, கழுத்தில் அடையாள அட்டை. இடது கையால் எடுத்து ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. மறுபடி நிரப்பி மறுபடி ஊற்றினாள். பின்னால் வரிசை நின்றது, அவள் நகரவில்லை. எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். இன்னும் கிடைக்காது என்றேன். 'இன்னும்' என்று வாயில் வந்துவிட்டது, இனி செய்துதான் ஆக வேண்டும்.

கடைசி நாள் அம்மா வந்தாள். நான் கூப்பிடவில்லை. அண்ணன் கொண்டுவந்து விட்டுவிட்டு, காரை விட்டு இறங்காமல் போய்விட்டான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எக்ஸ்ரேயைப் பார்த்தாள், துண்டுக் காகிதத்தை எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள். மேஜைக்கு வந்து வலது கையால் பாத்திரத்தை எடுத்து டம்ளரில் ஊற்றினாள். தண்ணீர் உடம்போடு வழிந்து அவள் கையில், புடவையில்.

'மூக்கைத் தப்பான பக்கம் வச்சிருக்கே' என்றாள்.

முன் அறையில் கூடியிருந்த அத்தனை பேரும் அந்த ஹாலில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு. 'தப்பான பக்கம் இல்லம்மா. உன் பக்கம் இல்ல, அவ்வளவுதான். அண்ணிக்கு ஆறு வருஷமும் இப்படித்தான் கை நனைஞ்சுது. அவங்களுது கொதிக்கிற பால். நான் பாத்தேன்' என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பாத்திரத்தை மறுபடி எடுத்து, இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஊற்றினாள். பழகாத கை, ஆனால் தண்ணீர் டம்ளருக்குள்தான் விழுந்தது. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். 'அவ அட்ரஸ் இருக்கா?' என்று கேட்டாள்.

உங்களைக் கேட்காமல் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கேட்கிறேன். தரலாமா?

பென்சில்


மே 26

அன்புள்ள பென்சில்,

போட்டிருக்கிறேன். ரொம்பக் குதிக்காதே.

நாலு வருஷம் லேட்டாகச் சொன்னாய். ஆனாலும் சத்தமாகச் சொன்னாய். நீ எழுதின அந்த ஒரு பத்தியை டூட்டிக்கு நடுவில் எடுத்து எடுத்துப் படித்தேன். இன்று யாரையும் மூச்சைப் பிடிக்கவைத்து மறக்கவில்லை.

அந்த அலுவலகப் பெண்ணுக்குப் பாத்திரம் செய்து கொடு. கம்பெனி செய்யாவிட்டால் நீயே செய். குறடும் சுத்தியலும் என்னிடம் இருக்கின்றன.

உன் அம்மா விஷயம். மன்னிப்புக் கேட்க வருவதானால் வேண்டாம். அழுவார், நானும் அழ வேண்டியிருக்கும், எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. காபி குடிக்க வருவதானால் அட்ரஸ் கொடு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன். பாலை நான்தான் ஊற்றுவேன், எந்தக் கையால் என்று அவருக்குத் தெரியும். அவரே ஊற்றுகிறேன் என்று எழுந்தால் எழுந்துகொள்ளட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடு, என் வீட்டில் வேறு பால் பாத்திரம் கிடையாது. நீ அனுப்பினதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அண்ணி